மயிலாப்பூர், மந்தைவெளியில் வாடகைக்கு இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

மந்தைவெளிக் குடித்தனக்காரர்:

மயிலாப்பூரின் பழைய வீடுகள் இடிபடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் திண்ணையையும் தேக்குத் தூணையும் மெட்ராஸ் ஒட்டுக் கூரையையும் (மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துப் போட்ட தட்டைக் கூரை) பற்றியே எழுதுகிறார்கள். அவை போவதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த வீடுகளுக்குள் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

சித்திரக்குளத்தைச் சுற்றியும் மந்தைவெளியிலும் இருந்த பெரிய வீடுகளில் பல, ஒரே குடும்பம் வாழ்ந்த வீடுகள் அல்ல. முன்கட்டில் வீட்டுக்காரர் இருப்பார். பின்கட்டிலும் மாடியிலும் வரிசையாகப் போர்ஷன்கள் இருக்கும். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான் ஒரு குடித்தனம். கிணறும் கழிப்பறையும் பொது. கோயில் ஊழியர், அச்சகத் தொழிலாளி, துணிக்கடைச் சிப்பந்தி, பள்ளி ஆசிரியை, தையற்காரர், தண்ணித்துறை மார்க்கெட்டில் காய் விற்றவர் என்று மாதச் சம்பளமோ தினக்கூலியோ வாங்கியவர்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. முன்பு 1.5 ஆக இருந்தது. ஆக 4,800 சதுர அடி கட்டலாம். கீழே வண்டி நிறுத்தம், மேலே 1,200 சதுர அடியில் நான்கு வீடுகள். இரண்டு நிலத்துக்காரருக்கு, இரண்டு கட்டி விற்கிற புரமோட்டருக்கு. அதே கிரவுண்டில் எட்டுக் குடித்தனங்கள் இருந்திருந்தால், எட்டுக் குடும்பங்கள் வெளியேறி நான்கு குடும்பங்கள் உள்ளே வருகின்றன. கட்டடம் உயர்ந்திருக்கிறது, குடும்பங்கள் பாதியாகியிருக்கின்றன. இதைத்தான் நகரம் வளர்கிறது என்கிறோம்.

குடிசைப் பகுதியை அகற்றினால் செய்தி வருகிறது, போராட்டம் நடக்கிறது, மாற்று வீடு என்ற பேச்சாவது எழுகிறது. போர்ஷன்காரர் காலி செய்வது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டுக்காரர் சில மாதம் அவகாசம் கொடுப்பார், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பார், ஒரு டெம்போ வரும். உங்கள் தெருவிலிருந்து அப்படிப் போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

மேற்கு மாம்பலம் பொறியாளர்:

ஐயா, நான் கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த எட்டுக் குடித்தன வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறைகள். பெண்கள் விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்பார்கள். மழைக்காலத்தில் ஒட்டுக் கூரை கசிந்து சுண்ணாம்புக் காரை தலையில் விழும். இடிப்பதற்கு முன் அளவெடுக்கப் போய், கையை வைத்தாலே உதிர்கிற சுவரை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த நிலைமைக்கு வீட்டுக்காரரின் பேராசை மட்டும் காரணமன்று. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பல வீடுகளில் வாடகை பல ஆண்டுகள் அசையவே இல்லை. வருகிற வாடகையில் சுண்ணாம்பு அடிக்கக்கூட முடியாதவர் எதற்குக் கூரையை மாற்றுவார்? பிறகு அவர் காலமாகிறார். ஐந்து வாரிசுகள், இருவர் வெளிநாட்டில். பழைய வீட்டை ஐந்தாகப் பிரிக்க முடியாது, அடுக்குமாடியைப் பிரிக்கலாம். நிலத்துக்காரரும் புரமோட்டரும் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம் இத்தனை வேகமாகப் பரவியதற்கு இந்தக் குடும்பக் கணக்கும் பெரிய காரணம்.

இரண்டாம் தளம்:

நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டை வாங்கியவள். மந்தைவெளியில் இரண்டு படுக்கையறை, இருபது ஆண்டுக் கடன். நானும் கணவரும் வாங்கும் சம்பளத்தில் ஒருவருடையது முழுவதும் தவணைக்கே போகிறது. யாரையும் விரட்டிவிட்டு வந்ததாக எங்களுக்குத் தெரியாது. விளம்பரத்தைப் பார்த்தோம், பத்திரத்தைப் பார்த்தோம், நிலத்தில் எங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கைப் பார்த்தோம். அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று எந்த ஆவணத்திலும் இல்லை.

எங்களைப் போன்றவர்கள் வேறு எங்கே போயிருக்க வேண்டும்? இதே பணத்துக்குப் பெரிய வீடு பள்ளிக்கரணைப் பக்கம் கிடைத்தது. சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டிய தெருக்களில் 2015 டிசம்பரில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எல்லோரும் பார்த்தோம். நகரத்துக்குள்ளேயே, பஸ்ஸும் பறக்கும் ரயிலும் இருக்கிற இடத்தில் நடுத்தர வர்க்கம் குடியிருப்பது ஏரிகளுக்கும் நல்லதுதானே? அலுவலகத்துக்கு ரயிலில் போகிறேன். எங்களிடம் கார் இல்லை. நான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவள் அல்ல என்றே நினைக்கிறேன்.

மந்தைவெளிக் குடித்தனக்காரர்:

அம்மா, உங்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு நகரத்துக்குள் வீடு வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். அந்த ஒரே வகை வீடு மட்டும்தான் கட்டப்படுகிறது என்பதுதான் என் கவலை. வாடகைக்கு ஒரு அறையும் சமையலறையும் தேடுகிறவருக்காக இந்தப் பகுதியில் யாராவது புதிதாக ஒரு கட்டடம் எழுப்பியதைப் பார்த்திருக்கிறீர்களா?

பொறியாளர் ஐயாவுக்கு: பொதுக் கழிப்பறை வாழ்க்கையைப் புகழ எனக்கு மனம் வராது, அதில் வளர்ந்தவன் நான். ஆனால் கழிப்பறை மோசம் என்பதற்காகக் குடியிருந்தவரைப் புறநகர்க் கீழ்க்கட்டளைக்கும் பூந்தமல்லிக்கும் அனுப்பியதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? நல்ல கழிப்பறை அடுத்து வந்தவருக்கல்லவா கிடைத்தது?

பெரும்பாக்கம் வாசி:

நான் சமையல் வேலை செய்கிறவள். கூவம் கரையில் வீடு இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்களை நகர விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு, அரசின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வேலை இன்னும் மந்தைவெளியில்தான். முன்பு நடந்து போய் நான்கு வீட்டில் சமைத்தேன். இப்போது இரண்டு வீடுதான் முடிகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அது இல்லையென்றால் இந்த இரண்டு வீட்டையும் விட்டிருப்பேன்.

ஐயா சொன்ன போர்ஷன் வீடுகள் எங்களுக்கும் உதவின. கரையில் இருந்த சிலர் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மந்தைவெளியில் ஒரு போர்ஷனுக்கு மாறிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த வழி இப்போது அடைந்துவிட்டது. பெரும்பாக்கத்திலிருந்து திரும்பி வர நினைத்தாலும் வந்து இருக்க இடம் இல்லை. அறை கிடைத்தாலும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறார்கள். நாங்கள் சமைத்துக் கொடுப்பதைச் சாப்பிடுகிறார்கள், நாங்கள் சாப்பிடுவதைச் சமைக்க அறை தர மாட்டார்கள்.

நில வரைபடம்:

அக்கா எழுதியது இந்த இழையிலேயே முக்கியமான செய்தி. நகரமைப்பு படித்தவர்கள் குடிசைப் பகுதி என்றும் நடுத்தர வர்க்கக் குடியிருப்பு என்றும் இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். இடையில் இருந்த வாடகைப் போர்ஷன் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அதுவே படியாக இருந்திருக்கிறது.

தமிழ்நாடு இதில் நல்ல தொடக்கம் கண்ட மாநிலம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. இருக்கும் இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுப்பது ஆரம்பக் காலக் கொள்கை. மயிலாப்பூரில் விசாலாட்சித் தோட்டம், கடற்கரையில் நொச்சிக்குப்பம் என்று நகரின் நடுவே ஏழை மக்கள் இன்னும் இருப்பதற்கு அந்தக் காலத்து வேலைதான் காரணம். 2000க்குப் பிறகு கொள்கை திசை மாறி, மக்களை நகர விளிம்புக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரின் முதல் கட்ட வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தபோது, எதிர்த்து ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. இதை எழுதும்போது கோபம் வருகிறது.

இன்னொன்று. இந்தப் பகுதியின் நில மதிப்பை ஏற்றுவது யார்? பறக்கும் ரயில் 1997இல் திருமயிலை வந்தது. இப்போது மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. மயிலாப்பூர் லஸ்ஸில் அதற்காகத் தோண்டுவது மக்களின் வரிப் பணத்திலும், மக்கள் அடைக்க வேண்டிய கடனிலும். அதனால் ஏறுகிற மதிப்பு நிலத்துக்காரருக்கும் புரமோட்டருக்கும் போகிறது. ரயிலில் போக வேண்டிய தொழிலாளி அந்த ரயில் வருவதற்கு முன்பே காலி செய்கிறார்.

மாதுங்காவாசி:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடந்தது உங்களுக்குப் பயன்படலாம்.

1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பல ஆலைகள் அதன் பிறகு தலைதூக்கவில்லை. 1991இல் வந்த விதி, ஆலை நிலத்தைப் புதிதாகப் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது. 2001இல் திருத்தினார்கள். கட்டடம் நின்றிருந்த நிலத்தை விட்டுவிட்டு, காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்று ஆக்கினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பழைய ஆலைப் பகுதியான லோயர் பரேலில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்பது அந்தத் திருத்தத்தால்தான்.

ஆனால் வாடகைதாரர் விஷயத்தில் மும்பை சென்னையைவிட முன்னே இருக்கிறது. 1969க்கு முன் கட்டப்பட்டு, பழுதுபார்ப்பு வரி கட்டும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டினால், அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்குப் புதுக் கட்டடத்திலேயே இலவசமாகச் சொந்த வீடு கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டுநருக்குக் கூடுதல் தளப்பரப்பு. வொர்லியில் பிடிடி சால்கள் எனப்படும் பழைய வரிசை அறைக் கட்டடங்களில் 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு தருகிறார்கள். குறைகளும் ஏராளம். இடைக்கால முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடப்பவர்கள் உண்டு. கோபுரத்தின் பராமரிப்புக் கட்டணத்தைத் தாங்க முடியாமல் விற்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இருந்தாலும் வாடகைதாரருக்கு அந்த மண்ணில் ஓர் உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பெரம்பூரில் பின்னி ஆலை என்ன ஆயிற்று? அதில் பக்கிங்ஹாம் ஆலை தொடங்கியது 1876இல், கர்நாடிக் ஆலை 1881இல். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் அவற்றின் பெயர் நிற்க 1921 வேலைநிறுத்தம் ஒன்றே போதும்.

நில வரைபடம்:

1996இல் மூடினார்கள். இன்று அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள். மும்பையைப் போல மூன்றில் ஒரு பங்கு என்ற விதி சென்னையில் இருந்ததே இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்பது உண்டு. அது பூங்காவாகும், வீடாகாது.

மேற்கு மாம்பலம் பொறியாளர்:

மும்பை விதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே பழைய வாடகைதாரர் பலர் பகடி முறையில் பெரிய தொகை கொடுத்து உள்ளே வந்தவர்கள், கிட்டத்தட்டப் பாதி உரிமையாளர்கள். இங்கே போர்ஷன்காரர் கொடுத்தது அட்வான்ஸ். அது திரும்பிவிடுகிறது. அடுத்து, கூடுதல் தளப்பரப்பு கொடுத்தாலும் மயிலாப்பூர்ச் சந்தில் அதை எங்கே கட்டுவது? கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் தளப்பரப்பே தெரு 9 மீட்டர் அகலமாவது இருந்தால்தான் கிடைக்கும். கோயிலைச் சுற்றி அத்தனை அகலமான தெருக்கள் எத்தனை?

சிறிய வீடாகக் கட்டலாமே என்பீர்கள். ஒரு கிரவுண்டில் எட்டு வீடு கட்ட நான் தயார். ஒவ்வொன்றுக்கும் வண்டி நிறுத்தம் காட்டச் சொன்னால் கீழ்த்தளத்தில் இடம் எங்கே? நிலத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலையில் கட்டியதை வாடகைக்கு விட்டால் வங்கி வட்டிகூடத் தேறாது. இந்தக் கணக்கில் பெரிய வீடு மட்டும்தான் நிற்கிறது.

மூன்றாவது கோர்ட்:

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960 சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். போர்ஷன்களில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யக் கேட்பதற்குப் பழைய சட்டத்திலும் வழி இருந்தது, புதியதிலும் இருக்கிறது. புதுக் கட்டடத்தில் பழைய வாடகைதாரருக்கு இடம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுக்குமாடி உரிமையாளர் நிலை வேறு. 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டலாம். எண்பதுகளில் எழுந்த அடுக்குமாடிகளுக்கும் இனி அதே முறை வரும். அங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் சம்மதம் கேட்கும் பேச்சே எழாது.

கோயில் அடிமனைகளையும் மறந்துவிடாதீர்கள். மயிலாப்பூரில் பல தெருக்களில் நிலம் கோயிலுடையது, மேலே இருக்கும் வீடு மட்டும் குடியிருப்பவருடையது. அந்த நிலத்தைப் புரமோட்டரிடம் கொடுக்க முடியாது என்பதால்தான் சில தெருக்கள் இன்னும் தாழ்வாரத்தோடு நிற்கின்றன. அங்கே நியாய வாடகை உயர்வு பற்றிய வழக்குகள் தனி உலகம்.

இரண்டாம் தளம்:

பெரும்பாக்கம் அக்கா எழுதியதைப் படித்த பிறகு எங்கள் சங்க விதிகளை எடுத்துப் பார்த்தேன். வாடகைக்கு விடும்போது சைவக் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி இருக்கிறது. கட்டடத்தில் பாதிப் பேர் வீட்டில் மீன் சமைக்கிறோம். இருந்தும் அந்த வரி இருக்கிறது. யாரை வராமல் தடுக்க அது எழுதப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தில் அதை நீக்கச் சொல்லப் போகிறேன். சண்டை வரும், வரட்டும்.

பொறியாளர் அவர்களுக்கு ஒரு கேள்வி. கார் இல்லாத எனக்கும் சேர்த்துத்தானே அந்த நிறுத்துமிடத்தின் விலையை வாங்கினீர்கள்? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த விதியைத் தளர்த்தினால் சிறிய வீடு சாத்தியமாகுமா?

மேற்கு மாம்பலம் பொறியாளர்:

ஆகும், அம்மா. நிறுத்துமிடத்தைப் பாதியாக்கினால் அதே நிலத்தில் 500, 600 சதுர அடி வீடுகள் வரைய முடியும். விலையும் குறையும். ஆனால் அப்போதும் அது விற்கிற வீடுதான். அக்காவுக்கு வேண்டியது வாடகை வீடு. அதைத் தனியார் நிலத்தில் எங்களால் கொடுக்க முடியாது.

மந்தைவெளிக் குடித்தனக்காரர்:

அப்படியானால் பொது நிலத்தில் கொடுக்க வேண்டும். நகரின் நடுவே அரசின் வாடகைக் குடியிருப்புகள் நிறைய இருந்தன. ராயப்பேட்டை பீட்டர்ஸ் காலனி, சைதாப்பேட்டை தாடண்டர் நகர் போன்றவை அரசு ஊழியர்கள் வாடகைக்கு இருந்த இடங்கள். இத்தகைய இடங்களை இடித்துக் கட்டும்போது அதே மண்ணில் ஒரு பங்காவது வாடகைக் கட்டடமாக, அரசு ஊழியர் அல்லாதவருக்கும் உரியதாக இருக்க வேண்டும். அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தொழிற்சாலைப் பெண்களுக்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை, அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டி 2024இல் திறந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன. ஆலைக்கு ஆள் வேண்டும் என்றால் வாடகை அறை கட்டத் தெரிகிற அரசுக்கு, மயிலாப்பூரில் சமைக்கிறவருக்கும் துணி தேய்க்கிறவருக்கும் கட்டத் தெரியாதா?

இரண்டாவது கோரிக்கை பணம் கேட்பதன்று. ஒரு வீட்டை இடிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், அங்கே இப்போது எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன, எத்தனை வாடகைக்கு, எத்தனை ஆண்டுகளாக என்று எழுத வேண்டும். மாநகராட்சி அதைத் தொகுத்து வார்டுவாரியாக வெளியிட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் எடுத்தது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியிலிருந்து எத்தனை வாடகைக் குடும்பங்கள் போயின என்று சொல்ல இன்று யாரிடமும் ஒரு எண் இல்லை. எண் இல்லாதவரை நாம் சொல்வதெல்லாம் பழைய நினைப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். 2026 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்திலேயே இது இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, அந்தக் குடும்பங்களுக்கு ஆறு மாத வாடகையாவது இடமாற்றத் தொகையாகக் கிடைக்க வேண்டும். கட்டுமான அனுமதிக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கி மாநகராட்சியே கொடுக்கட்டும்.

பெரும்பாக்கம் வாசி:

ஆறு மாத வாடகை வந்தால் நல்லது. ஆனால் அதை வாங்கிக்கொண்டும் கீழ்க்கட்டளைக்குத்தான் போக வேண்டும் என்றால் பெரிய மாற்றம் இல்லை. முதலில் சொன்ன வாடகைக் கட்டடத்தைக் கேளுங்கள் சார். ஒரு அறை, உள்ளேயே கழிப்பறை, மின்தூக்கி வேலை செய்ய வேண்டும். என் போன்றவர்கள் மாதாமாதம் வாடகை கொடுப்போம். இலவசம் கேட்கவில்லை.

மேற்கு மாம்பலம் பொறியாளர்:

குடும்ப எண்ணிக்கை எழுதும் விஷயத்தில் உடன்படுகிறேன். எங்கள் விண்ணப்பங்களில் நிலம், தெரு, மரம், கிணறு எல்லாம் எழுதுகிறோம். குடியிருப்பவரையும் எழுதுவதில் எனக்குத் தடையில்லை. இடமாற்றத் தொகையை எதிர்ப்பேன். அதை வாங்குகிறவர் விலையில்தான் ஏற்றுவார்கள், நானும் ஏற்றுவேன், இரண்டாம் தளத்து அம்மா கட்ட வேண்டியிருக்கும். கேட்பதானால் நிலத்துக்காரரின் பங்கிலிருந்து கேளுங்கள், அங்கேதான் பெரிய லாபம். வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் கோரிக்கையை வைக்கும்போது சொல்லுங்கள், வருகிறேன். முதல் இரண்டுக்கும் கையெழுத்துப் போடுவேன்.